தன் வரைபடத்தைத் தானே மறுத்த துயாரா நிகிஃபோரொவ்னாவுக்கு

உறைநிலத்தின் உள்ளம் அறிந்தவரே! துளையிட்டுத் தரை கண்ட துயாரா நிகிஃபோரொவ்னா அவர்களே! ஐம்பது பாகைக் குளிரிலும் பென்சிலைக் கைவிடாத பெருந்தகையே! வணக்கம்.

முப்பத்தாறு ஆண்டுகள் லேனா ஆற்றின் இரு கரையிலும் நடந்து, மண்ணுக்குள் மறைந்த பனிக்கட்டியைக் காகிதத்தில் காட்டினீர்கள். முதல் துளைக்கு முன், நம் முன்னோர் வழக்கப்படி, தவறாமல் நெருப்புக்கு அப்பம் ஊட்டினீர்கள். மிச்ச அப்பம் எங்களுக்கு வந்ததே இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

உங்கள் பணி நிறைவுக்கான இந்தப் பாராட்டு மடலுக்கென்று மேலிடம் எழுதி அனுப்பிய வாசகத்தில் "பிழையே செய்யாதவர்" என்றிருந்தது. அடித்துவிட்டோம். பொய் சொல்லிப் பாராட்டும் அளவுக்கு நீங்கள் எளியவர் அல்லர்.

இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன், ஹதிங் ஊரில் பள்ளிக்கூடம் கட்டப் புல்வெளியில் மூன்று துளை போட்டீர்கள். மண்தான் வந்தது. "பனியில்லை" என்று படம் வரைந்தீர்கள். நிலத்தடிப் பனியோ தேன்கூட்டுச் சுவர்போல ஓடுவது. மூன்று துளையும் அறைகளின் நடுவில் விழுந்திருந்தன. அந்த ஜூலையில், ஆண்டுதோறும் போல அலுவலகமே மாட்டுத் தீவனத்துக்குப் புல்லறுக்கப் போனபோது, அதே வெளியில் உங்கள் அரிவாள் மேட்டில் மோதியது; மறுபடி மோதியது. படுத்த மாடுகளின் முதுகுபோல வரிசை வரிசையாய் மேடுகள்! இடையில் நிலம் அமிழ்கிறது, அடியில் பனிச்சுவர் உருகுகிறது என்று அக்கணமே உணர்ந்தீர்கள். தலையில் ஒட்டிய புல்லோடு ஊர்க்கூட்டத்தில் போய் நின்றீர்கள்.

"என் படம் தப்பு. இங்க கட்டாதீங்க."

"முத்திரை குத்தியாச்சேம்மா!" என்றார் அன்றைய ஊர்த் தலைவர்.

"பனிக்குப் படிக்கத் தெரியாதுங்க ஐயா."

"ஒரு கிலோமீட்டர் தள்ளி மணல்மேட்டுலயா? எங்க பிள்ளைங்க என்ன கலைமானா, அம்புட்டுத் தூரம் நடக்க? படிச்ச திமிரு!" என்று கத்தினார் ஒருவர்.

"நடக்கட்டும் அண்ணே. நடந்தா காலுதான் வலிக்கும்."

இரண்டே நாளில் ஏழு துளை போட்டீர்கள். நான்கில், இரண்டு மீட்டர் ஆழத்தில் கண்ணாடிபோல் பனி! பள்ளி மணல்மேட்டுக்குப் போயிற்று. உங்கள் பதவி உயர்வும் போயிற்று, எட்டு ஆண்டுகள் திரும்பவில்லை. மேலிடத்தை நீங்கள் மன்னித்துவிட்டீர்கள். நாங்கள் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதுமில்லை.

கத்திய அந்த அண்ணனின் மகள் மணல்மேட்டுப் பள்ளியில் படித்து, தன் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கி, இன்று உங்கள் எதிர் மேசையில் அமர்ந்திருக்கிறாள். இந்த மடலை எழுதும் பொறுப்பை யாருக்கும் விட்டுத்தர மறுத்தவளும் அவளே.

சென்ற மாதம் அந்தப் புல்வெளியை மீண்டும் அளந்தோம். பள்ளி நிற்கவிருந்த இடத்தில் ஆளை மூழ்கடிக்கும் தண்ணீர். அதில் குஞ்சுகளோடு ஒரு வாத்து. திட்டிய ஊரே அந்த நீர்நிலைக்குப் பெயரும் சூட்டியிருக்கிறது. புதிய படத்தில் அப்படியே எழுதியிருக்கிறோம்: துயாரா ஏரி.

நலம் குன்றாமல், நடை தளராமல், குதிரைப்பால் குமிஸ் கோப்பை வற்றாமல் நூறு கோடை காண்பீராக! ஒரு கோடையிலாவது அந்த ஏரிக்கரைக்கு எங்களையும் அழைத்துப் போவீராக!

அன்பும் கொஞ்சம் கோபமும் மாறாத,
நிலத்தடிப் பனி வரைபடப் பிரிவுப் பணியாளர்கள்,
யாகுட்ஸ்க்.