மாற்று இடம்

— ஜன்னலைச் சாத்திட்டு வந்துட்டேன், இப்போ பேசு. லாரி வர்ற நேரம், திறந்து வச்சா கண்ணெல்லாம் எரியுது.

— ஞாயித்துக்கிழமையும் வருதாக்கா?

— அதுக்கேதுடி லீவு. வீட்டுக்குப் பின்னாடி பாறைக்குழி பாதிக்கு மேல ரொம்பியாச்சு. எந்தக் கம்பெனிக் கழிவோ, எங்க தலையில. அதை விடு. நீ எப்போ வர்றே?

— பாக்கலாம்க்கா. லீவு கிடைக்கணும்.

— மூணு வருஷமா இதே பாட்டு. உன் பொண்ணை நான் போட்டோவுலதான் வளர்த்துட்டிருக்கேன். மிஷின்ல உக்காந்தா கை தானா அவளுக்கு ஒரு கவுன் வெட்டுது. அளவு தெரியாம, குத்துமதிப்பா. நாலு தச்சு வச்சிருக்கேன், நாலும் இந்நேரம் சின்னதாப் போயிருக்கும்.

— அந்தக் காத்து அவளுக்கு ஆகாதுக்கா.

— தெரியும்டி குட்டி. அவளைக் கூட்டிட்டு வான்னு நானே சொல்ல மாட்டேன். நீ மட்டும் வா. ஒரு நாள் அடுப்படியில உக்காந்து வம்பளந்துட்டுப் போ. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், மனசு ஏங்குது.

— அக்கா, போதும்.

— சரி, அழாதே. கூப்பிட்டது வேற விஷயம். எங்க தெருவுல மனு போடறோம். நர்ஸம்மா படிவம் வாங்கிட்டு வந்திருக்காங்க. உங்க குடியிருப்புப் பக்கம் கொட்டவேண்டிய கழிவுதான் இதுன்னு அவங்க சொல்றாங்க. நீங்க மனு போட்டுத் தடுத்தீங்கல்ல?

— ம்.

— குத்தம் சொல்லலடி, உனக்கும் குழந்தை இருக்கு. எப்படி எழுதணும்னு சொல்லு, போதும். பேரு, விலாசம், காரணம் எல்லாம் எழுதியாச்சு. கடைசியில 'மாற்று இடம்'னு ஒரு கட்டம். அதுலதான் முட்டிட்டு நிக்கறோம். வேற யார் தலையில கட்டறது? எழுதக் கை கூசுது.

— அதைக் காலியா விட்டுடுங்க.

— விட்டா வாங்க மாட்டாங்களாம். நீங்க என்ன எழுதினீங்க?

— சும்மா ஒப்புக்குக் கேக்கறாங்க, எதையாவது எழுதுன்னுதான் சொன்னாங்க. மத்தவங்கள்லாம் அடுக்குமாடியிலயே பொறந்து வளர்ந்தவங்க, காலி இடம் எதுவும் தெரியாம முழிச்சாங்க.

— அப்புறம்?

— எனக்கு வீட்டு ஞாபகமாவே இருந்துச்சுக்கா அப்போ. கண்ணை மூடினா ஒரு இடம்தான் தெரிஞ்சுது. நம்ம பாறைக்குழியை நான்தான் எழுதிக் குடுத்தேன்.