நாலு விரல்

சுகுமார்: இன்னொரு தபா குனிஞ்சு பாருங்க சார். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவுல கைய வெக்கிறேன். முன்னாடி ரெண்டும் நாலு விரல். பின்னாடி வலது... நாலு. இடது?

ஸ்ரீநிவாசன்: மூணு.

சுகுமார்: காலைல அதுவும் நாலு சார். நீங்க வந்து நின்னப்புறம்தான் எறங்குது.

ஸ்ரீநிவாசன்: நான் வர்றதுக்கும் டயருக்கும் என்னப்பா சம்பந்தம்? காத்து குறைஞ்சிருக்கும்.

சுகுமார்: காத்து நாலுலயும் ஒண்ணுதான். ஸ்பிரிங் புச்சு, போன மாசம்தான் மாட்டினேன். யாரோ பின்சீட்ல ஏறிக் குந்திக்கினா மாதிரி...

ஸ்ரீநிவாசன்: பட்டப்பகல்ல பயமுறுத்தாதே. நாளைக்குச் சாயங்காலம் ஜானவாசம். மாப்பிள்ளை ஷ்யாம்சுந்தர் இதுலதான் ஊர்வலம் வரணும்.

சுகுமார்: அப்போ டயர முடிவு பண்ணுங்க. இது பழைய இரும்பு வீலு, வெள்ளை வளையம் போட்ட டயரு, பளபளன்னு வீல் கப்பு. பிளைமவுத் காருக்குப் பொறந்ததே இதான். அது அலாய், அகல டயரு.

ஸ்ரீநிவாசன்: அகலம்.

சுகுமார்: மாமி வெள்ளை வளையம்னாங்களே...

ஸ்ரீநிவாசன்: காமுவுக்கு எல்லாம் அந்தக் காலத்து மாதிரியே இருக்கணும். பொண்ணு சின்மயி கல்யாணத்துக்கு ஒரு வாடகைக் கார் போறாதா? அனகாபுத்தூர்ல எவன் கொட்டகையிலேயோ கெடந்ததைத் தேடிப் பிடிச்சு...

சுகுமார்: இன்னா சார், எட்டு மாசம் இதுங்கூடயே படுத்து எழுந்துகினு கீறேன். வாடகைக் காருன்றீங்க.

ஸ்ரீநிவாசன்: கோச்சுக்காதே. அகல டயர் போட்டா சாயாதோல்லியோ?

சுகுமார்: மட்கார்டுல ஒரசும். அந்த ஆளு எறங்கினா ஒரசாது.

ஸ்ரீநிவாசன்: எந்த ஆளு?

சுகுமார்: சும்மா தமாசு சார்... அட, இப்பப் பாருங்க. ரெண்டரை. நல்லா சாஞ்சு குந்திட்டாரு போல.

ஸ்ரீநிவாசன்: போறும்ப்பா! ஷெட்டு போட உனக்கு வேற எடமா கெடைக்கலை? ஏரிக்கரைலதான் போடணுமா?

சுகுமார்: பீர்க்கன்கரணைல பொறந்தவன் வேற எங்க போவேன்? ஏரி இன்னா பண்ணுச்சு உங்கள?

ஸ்ரீநிவாசன்: ஒண்ணுமில்லே.

சுகுமார்: மாமிக்கு மொதல்ல பாத்த மாப்ள... இங்கதான்னு...

ஸ்ரீநிவாசன்: உனக்கு யார் சொன்னா?

சுகுமார்: ஏரியாவுல எல்லாருக்கும் தெரியும் சார்.

ஸ்ரீநிவாசன்: ராஜகோபால். பேங்க்ல எனக்கு அடுத்த நாற்காலி. அவன் ஜானவாசத்தன்னிக்கு, கோயிலுக்கு வர்ற வழியில, இந்த வளைவுல சக்கரம் கழண்டு வண்டி தண்ணிக்குள்ளே போயிடுத்து. டிரைவர் தப்பிச்சான். இவன்...

சுகுமார்: நீங்க கூட வரலியா?

ஸ்ரீநிவாசன்: பெருங்களத்தூர்ல எறங்கிட்டேன். பூ வாங்க.

சுகுமார்: நல்ல நேரம் சார் உங்களுக்கு.

ஸ்ரீநிவாசன்: டிரைவர் நட்டை ஒழுங்கா முடுக்கலை. கோர்ட்டே சொல்லிடுத்து. மூணு மாசம் கழிச்சு நான்தான் போய்க் காமுவைப் பொண்ணு கேட்டேன். அந்த வண்டி பேரீச்சம்பழத்துக்குப் போச்சு. விடு.

சுகுமார்: வுட்டுட்டேன். வாங்க, இரும்பு வீலையே மாட்டிப் பாத்துடலாம். இப்ப கீற வீல கழட்டணும். மொத நட்டு ஓனர் கையாலதான், நம்ம ஷெட்டு பழக்கம்.

ஸ்ரீநிவாசன்: பேனா பிடிச்சே ரிடையர் ஆனவன்ப்பா நான். ஸ்பேனர் எந்தப் பக்கம்னுகூடத் தெரியாது.

சுகுமார்: ஒரே ஒரு நட்டு சார். ஜாக்கி அப்புறம் போட்டுக்கலாம். இடது பின்சக்கரம். இந்தாங்க.

ஸ்ரீநிவாசன்: படுத்தறேயே... ம்ம்... ம்... வந்துடுத்து. போறுமா?

சுகுமார்: ஒரே திருப்புல வந்துடுச்சே சார்.

ஸ்ரீநிவாசன்: லூசா இருந்தது.

சுகுமார்: நான் ஏறி மிதிச்சு முடுக்கினது. இந்த வண்டில இடது பக்கம் மரை தலைகீழ் சார். எல்லா நட்டையும் கழட்டுற மாதிரி திருப்பினா, இது இன்னும் இறுகும். நானே மொத நாள் தப்பாத் திருப்பி மணிக்கட்டு பெசகிக்கினேன். ஸ்பேனரே தெரியாதவரு எப்டி சார் சரியாத் திருப்பினீங்க?

ஸ்ரீநிவாசன்: எங்கேயாவது... படிச்சிருப்பேன்.

சுகுமார்: எங்கப்பா சொல்வாரு. அன்னிக்குக் காலைல பஞ்சராயி வீலு மாத்தறப்போ, மாப்ளையோட ஃபிரண்டு ஒருத்தரு பக்கத்துல குந்திக்கினு பாத்தாராம். ஏம்ப்பா தலைகீழாத் திருப்பறேன்னு கேட்டாராம்.

ஸ்ரீநிவாசன்: உங்கப்பாவா?

சுகுமார்: சவுரிமுத்து. அந்த டிரைவரு. ரெண்டு வருசம் உள்ள இருந்தாரு. வெளிய வந்து ஒரு வண்டியத் தொடல. நான் முடுக்கித்தான்டா வெச்சேன், வெவரம் தெரிஞ்சவன் எவனோ கழட்டிட்டான்டான்னு சொல்லிக்கினே செத்தாரு... ஒன்றரை விரல் சார்.

ஸ்ரீநிவாசன்: அளக்கறதை நிறுத்து!

சுகுமார்: ஒண்ணு.

ஸ்ரீநிவாசன்: அவன் சாகணும்னு நெனைக்கலைப்பா! சக்கரம் ஆடும், வண்டி நடுத்தெருவுல நிக்கும், சகுனம் சரியில்லேன்னு கல்யாணத்தை நிறுத்திடுவான்னு... அஞ்சுல மூணுதான் தளர்த்தினேன். ஏரி வரைக்கும் ஓடும்னு யார் கண்டா? ...மெதுவாப் பேசு. யாராவது கேட்டா, காமு காதுலயும் விழுந்துடும்.

காமு: விழுந்துடுத்துன்னா.

ஸ்ரீநிவாசன்: காமு... நீ மண்டபத்துல இருக்கேன்னு...

காமு: மத்தியானத்துலேர்ந்து இங்கேதான், பீரோவுக்குப் பின்னாடி ஸ்டூல்ல உக்காந்திருக்கேன். பேரீச்சம்பழத்துக்குப் போகலை. அதே வண்டிதான் இது. தன் அப்பா சொன்னதை இந்தப் பிள்ளை வந்து சொன்னப்போ, எங்காத்துக்காரர் அப்படிப்பட்டவர் இல்லேன்னு திட்டி அனுப்பினேன். அப்புறம் தூக்கமே வரலை. முப்பது வருஷம் உங்களுக்குச் சாதம் போட்ட கை இது. எரியறதுன்னா.

ஸ்ரீநிவாசன்: நாளைக்குச் சின்மயி...

காமு: அவ கல்யாணம் நடக்கும். மறுநாள் நீங்களே ஸ்டேஷனுக்குப் போய், சவுரிமுத்து தப்பு பண்ணலைன்னு எழுதிக் குடுக்கணும். குடுப்பேளா?

ஸ்ரீநிவாசன்: ...குடுக்கறேன்.

காமு: சுகுமார், நட்டு விஷயம் நாம பேசி வெச்சபடியே நடந்தது. ஆனா இந்த விரல் கணக்கு நீயாச் சேத்தது. எனக்கே உடம்பு சிலிர்த்துப் போச்சு. சீட்டுக்கு அடியில என்னப்பா வெச்சே?

சுகுமார்: நானா? நீங்கதான் இன்னாவோ வெச்சுட்டீங்கன்னு நெனச்சுக்கினு கீறேன் மாமி.

காமு: நான் ஒண்ணுமே வெக்கலைப்பா. இப்ப அளந்து பாரு.

சுகுமார்: நாலு விரல் மாமி. சார் இங்கயேதான் நிக்கறாரு, ஆனாலும் நாலு... எறங்கிட்டாரு.