சமையக்கட்டு போன தேர்தல்

பெரிய மார்க்கெட்டிலிருந்து டெம்போ கிளம்பியதும், எனக்கு எதிரே காலி மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரம்மா பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "இந்த வாட்டி எங்க சமையக்கட்டுதான்டி எம்எல்ஏவுக்குத் தேர்தல் செலவு."

"என்னாக்கா சொல்ற?"

"கடல் அடிச்சிட்டுப் போயிடுச்சு. அஞ்சு வாட்டி ஜெயிச்சாரு, அஞ்சு வாட்டியும் கரையில கல்லு கொட்டுனாரு. எது நின்னுச்சு?"

"பீச் ரோட்டுல பிரெஞ்சுக்காரன் போட்டது நிக்குதே?"

"அவனுக்கு எலெக்‌ஷன் இல்லையே! இவருக்குச் செலவு பண்றதே கல்லு கான்ட்ராக்டர்தான். கல்லு நின்னுட்டா அடுத்த வாட்டி கான்ட்ராக்ட் ஏது, காசு ஏது?"

"அப்போ எதிர்த்து நிக்கறவனுக்குப் போடு."

"அவனுக்கும் அதே கான்ட்ராக்டர்தான்டி செலவு பண்றான்."

"இப்ப எங்கதான் சமைக்கிற?"

"சாமி ரூம்புல. அடுத்த எலெக்‌ஷனுக்கு அதுதான்."

அவர்கள் குப்பத்துக்கு இரண்டு தெரு பின்னால்தான் என் வீடு. ஐந்து தடவையும் அவருக்கே ஓட்டுப் போட்ட மகராசன் நான். இறங்கியதும் மூச்சிரைக்க மொட்டை மாடிக்கு ஓடினேன். கடல் தெரிகிற வீடு என்று இருபது வருஷமாகப் பீற்றிக்கொண்ட மாடி அது. தெரிந்தது. கொஞ்சம் அதிகமாகவே தெரிந்தது.