கம்பியிலிருந்து கையை எடுத்தால்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் சார், தேவையில்லாத சத்தம் எனக்கு ஆகவே ஆகாது. பத்தொன்பது வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். அந்த இயந்திரத்தின் சத்தம் வீடு வரைக்கும் காதிலேயே நிற்கும். வீட்டுக்கு வந்ததும் மாடி அறையில் ஒரு மணி நேரம் கிட்டார் வாசிப்பேன். வேறு கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது.

என்னுடையது பழைய எலெக்ட்ரிக் கிட்டார். கம்பிகளுக்கு அடியில் இருக்கிற பிக்கப்தான் ஒலியைப் பிடித்து ஆம்புக்கு, அதாவது ஒலிபெருக்கிக்கு, அனுப்பும். அதில் இருந்தது சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள். தொனி அவ்வளவு சுத்தமாக இருக்கும். ஆனால் கூடவே ம்ம்ம் என்று ஓர் இரைச்சல் உண்டு. கை கம்பியில் இருக்கிறவரை அது அடங்கிக் கிடக்கும், கையை எடுத்தால் கிளம்பிவிடும். அந்த வகைக் கிட்டாருக்கு அது கூடப்பிறந்த குணம்.

ஒரு சாயங்காலம் டீ குடிக்கக் கையை எடுத்தேன். இரைச்சல் எழுந்தது. கீழே என் மனைவியும் மகளும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், சிரிப்பு பட்டென்று நின்றது. கம்பியில் கை வைத்தேன். சற்று நேரத்தில் பேச்சு மறுபடி தொடங்கியது. கையை எடுத்தேன், நின்றது. மூன்று முறை பார்த்துவிட்டேன் சார். நான் எழுந்து வருகிறேனா இல்லையா என்று என் கிட்டாரே அவர்களிடம் கோள் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் கை நீட்டுகிறவன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருப்பார்கள். போன மழைக்காலத்தில் என் மனைவியின் கை முறிந்தது குளியலறையில் வழுக்கி விழுந்ததால்தான். ஆஸ்பத்திரியில் அவளே தன் வாயால் அப்படித்தான் சொன்னாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

உண்மையில் பயந்தது நான்தான். அம்மாவும் மகளும் சேர்ந்துகொண்டு என்னைத் தனியாக விட்டுவிடுவார்களோ என்று ஓயாமல் யோசித்தேன். சொந்த வீட்டில் என்னதான் பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லையா?

கிட்டார் ரிப்பேர் கடைக்குப் போனேன். இரைச்சலை அடக்க ஹம்பக்கர் போடவேண்டும் என்றார் ரிப்பேர்காரர். அதில் இரண்டு சுருள்கள் இருக்கும், ஒன்று இழுத்துவரும் இரைச்சலை மற்றது தின்றுவிடும். மூன்று காட்டினார். முதலாவது அகலமானது, மரத்தைக் குடைந்தால்தான் உட்காரும். பார்த்தவுடனே தெரிந்துவிடும் என்று ஒதுக்கினேன். இரண்டாவது பழைய அளவுதான், ஆனால் தொனி கனத்துவிட்டது. என் மகளுக்குப் பன்னிரண்டு வயதுதான், காது பொல்லாத காது, கண்டுபிடித்துவிடுவாள். மூன்றாவதில் ஒரு சுருளின் அடியிலேயே இன்னொன்று ஒளிந்திருந்தது. அதே அளவு, ஏறக்குறைய அதே தொனி.

"வெளிய பாத்தா பழசுன்னுதான் சார் நினைப்பாங்க. ஆனா கைய எடுத்தாலும் மூச்சு விடாது," என்றார்.

பழைய மூடியையே அதன்மேல் மாட்டித் தரச் சொன்னேன், கீறல்கள் மாறக்கூடாதே. ரெக்கார்டிங் ஏதாவது செய்கிறீர்களா என்று விசாரித்தார். வீட்டுக்குத்தான் என்றேன். கடையிலேயே அரை மணி நேரம் கையை வைத்தும் எடுத்தும் சோதித்துப் பார்த்தேன். லென்ஸ் தேய்க்கிறவனுக்கு எதிலும் ஒரு நிதானம் வேண்டும்.

அன்று சாயங்காலமே ஒரு பாட்டை வாசித்து முடித்தேன். ஆம்பை அணைக்கவில்லை, அணைத்தால் டொப்பென்று கேட்கும். கிட்டாரை மெத்தையில் கிடத்திவிட்டு வெறுங்காலோடு இறங்கினேன். கிறீச்சிடுகிற நான்காவது படியைத் தாண்டிக்கொண்டேன்.

சமையலறையில் மனைவி ஒரு பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மேலாக மகளின் பள்ளிச் சான்றிதழ்கள். பின்கதவின் தாழ்ப்பாள் ஏற்கெனவே திறந்திருந்தது. மகள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் காதை வைத்து நின்றாள். இவ்வளவு நாளும் காவல் காத்தது அவள்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

"பெரியம்மா வீட்டுக்குப் போயிட்டா நாம சத்தமாவே பேசிக்கலாம்," என்றாள் மனைவி. பையின் ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்த்தாள், ஏறவில்லை.

"பயப்படாதம்மா. இரைச்சல் வரல. அப்பா கை கம்பிலதான் இருக்கு," என்றாள் மகள்.

என் கை அப்போது கதவு நிலையில் இருந்தது.

எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று மெதுவாகத்தான் கேட்டேன். மனைவி திரும்பினாள். மகளைப் பின்கதவுப் பக்கம் தள்ளிவிட்டு, நடுவில் வந்து நின்றாள்.

"ஓடுடி," என்றாள்.

மகள் ஓடிவிட்டாள், செருப்புகூடப் போடவில்லை. நான் கூப்பிடப் போனேன், மனைவி வழி விடவில்லை. அதனால்தான் அவள் கழுத்தைப் பிடித்தேன். கம்பியை அழுத்தி அழுத்தி என் இடது கை விரல் நுனிகள் காய்ப்புக் காய்த்தவை, அவள் நகம் பட்டது எனக்குத் தெரியவே இல்லை. அவள் அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. மாடியில் ஆம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு முனகல் கிடையாது. ரிப்பேர்காரர் நல்ல வேலைக்காரர்.

கொன்றது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மகள் பெரியம்மா வீட்டில் யாரோடும் பேசாமல், சுவரில் காதை வைத்தபடியே உட்கார்ந்திருக்கிறாள் என்கிறீர்கள். அவள்மேல் எனக்குக் கோபமே இல்லை என்று சொல்லுங்கள், அவள் சரியாகத்தான் கேட்டாள். அந்தக் கிட்டாரை அவளிடமே கொடுத்துவிடுங்கள் சார். கையை எடுத்தாலும் இப்போது அதில் இரைச்சல் வராது. இனிமேல் அவள் பயப்பட ஒன்றுமில்லை.