தெளிக்காத வரிசை

2001 ஆகஸ்ட் 4ஆம் திகதி, நமுனுகுல மலையடியில் உள்ள எங்கள் தோட்டத்தில் மழை பெய்து அறுபத்திரண்டு நாட்களாகியிருந்தன.

இளந்தேயிலை அதிகம் கேட்பதில்லை. அமினோ அமிலக் கரைசலை இலையில் தெளித்துவந்தால் வரட்சியைக் கொஞ்சம் தாங்கும். எங்களுடையது மீன் கழிவிலிருந்து எடுத்தது, நாற்றம் அதிகம். காலைப் பெரட்டில் ஆட்களைப் பிரிக்கும்போது அதை விளக்கினேன். கங்காணி வீரசிங்கம், "தேயிலைக்கு மட்டும் கருவாட்டுக் கொழம்புங்களா ஐயா? கொஞ்சம் சோத்தையும் போட்டுவிடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த ஆட்கள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை.

நான் அங்கே வெளிக்கள உத்தியோகத்தர். முந்திய வருடப் பரிசோதனையில் தெளித்த வரிசையும் பச்சை, தெளிக்காத வரிசையும் பச்சை. தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஒரே குழாய், தெளிக்காத வரிசைக்கு அடியில் ஒழுகிக்கொண்டிருந்தது. இம்முறையும் வித்தியாசம் தெரியாவிட்டால் வேலை இல்லை என்று கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். யாழ்ப்பாணத்தில் என் வீடு இராணுவ முகாமுக்குள் இருந்தது.

ஒழுக்கை அடைக்கத் தோண்டினால் வேர்கள் அறுந்துவிடும். ஆகவே அன்று மாலையே மேலே தொட்டியடியில் அந்தக் குழாயின் வால்வை மூடிப் பூட்டினேன். இருபத்தொரு நாட்கள்தான். தொட்டிக்கு வரும் ஊற்று வற்றிவிட்டது என்று லயத்து ஆட்களிடம் சொன்னேன். அந்த வரட்சியில் யாரும் சந்தேகப்படவில்லை.

ஒன்பதாம் நாள், கொழுந்து பறிக்கும் பாக்கியலெட்சுமி கூடையை இறக்காமலே என்னிடம் வந்தாள்.

"ஓடைத் தண்ணி குடிச்சு எம்புள்ள விஜிதாவுக்கு வயித்தால போகுதுங்க ஐயா. காய்ச்சினாலும் நாறுது. ஒரு தண்ணி பவுசரு அனுப்பச் சொல்லுங்க."

"எல்லாருக்கும் இதே நிலைமைதான் பிள்ளை. கொஞ்சம் பொறுங்கோ."

"நாங்க பொறுப்போமுங்க. அவளுக்கு ஒரு வயசுதானே ஆவுது."

பவுசர் கேட்டால் தோட்டத்தை நடத்தும் துரை ஊற்றைப் பார்க்க மேலே ஏறுவார். வால்வுப் பூட்டின் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. ஆனாலும் அவளை நான் வெறுங்கையோடு அனுப்பவில்லை. வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புச் சீனித் தூள் இரண்டு பக்கெட் கொடுத்து, தண்ணீரில் கலந்து பருக்கச் சொன்னேன்.

குழந்தை போய்விட்டது. செய்தி கேட்டபின் எனக்கு மனம் கேட்கவில்லை. யாரும் சொல்லாமல், நானாகவே போய் வால்வைத் திறந்துவிட்டேன். அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

தெளிக்காத வரிசையில் நாற்பது செடிகளில் முப்பத்தொன்று காய்ந்தன. தெளித்த வரிசையில் ஆறு. வேலை நிலைத்தது.

திகதி கேட்டீர்கள். குழந்தையைப் புதைத்தது 20ஆம் திகதி. வால்வைத் திறந்தது 25ஆம் திகதி, கொழும்பிலிருந்து வந்தவர்கள் செடிகளை எண்ணிவிட்டுப் போன பிறகு.