மெயின் அருவியில் ஒரே ஒருவர்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு இளம்பெண்கள். சாரலுக்கு ஷட்டரை இறக்கிக்கொண்டே ஜன்னலோரத்துப் பெண் சொன்னாள்:

“ஏட்டி, மெயின் அருவில நின்ன அத்தன பேரையும் அழிச்சிட்டேன். எங்கப்பா மட்டுந்தான் பாக்கி.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோழி பதறவே இல்லை.

“அப்பா பாடுன பாட்டுக்கு அட்டைப்படமா? போட்டோவ திருத்துத அந்த சாப்ட்வேருக்கு மாசாமாசம் துட்டு கட்டணும்னியே?”

“அத யாரு கட்டுவா? ட்ரையல்ல செஞ்சா அப்பா நெத்தியில கம்பெனி பேரு விழுந்துட்டு. பாட்டு ஏத்துத ஆப்புல இந்தப் படம் ஆகாதுன்னுட்டான். பொறவு ஓசி சாப்ட்வேர் ஒண்ணு இறக்குனேன். எங்க பழைய லேப்டாப்புலயே ஓடுது. போட்டோல பக்கத்துல விழுத தண்ணிய எடுத்து எடுத்து ஒவ்வொரு தலையா மூடுனேன். இன்னைக்குக் காலைல ஆப்புல ஓகே ஆயிட்டு!”

“சித்தப்பா, மாமா படமெல்லாம் வட்டத்துக்குள்ள வைக்கலியா?”

“இது என்ன கோயில் கொடை ஃப்ளெக்ஸா? போன்ல தீப்பெட்டி அளவுதான் தெரியும். பாடுனது அப்பா. அப்பா மட்டும் போதும்.”

“அப்பா பாத்தாவளா?”

“பாத்தாவ. இருவது வருசமா அந்தக் கூட்டத்துக்குள்ள நின்னு வாரவங்களுக்கு எண்ணெ தேச்சு விடுதாவல்லா. ரொம்ப நேரம் போனையே பாத்துக்கிட்டு இருந்தாவ. பொறவு, ‘ஏட்டி, இன்னைக்குத்தான் அருவி எனக்குன்னு விழுது’ன்னாவ.”