கோபுர மணிக்கூட்டைக் குன்றிலிருந்து திருத்திய பேணாட் ஐயா அவர்களுக்கு

காலத்தைக் காத்த கடமை வீரரே! கடலோடு கண்விழித்த கண்ணியமிக்கவரே! கொடிமேட்டுக் குன்றின் ஒற்றை அறையிலிருந்து முப்பத்து மூன்று ஆண்டுகள் எங்கள் இறங்குதுறைக்கு நேரம் சொன்ன பெருந்தகையே! நேரக்காப்பாளர் திரு. நிக்கலஸ் பேணாட் ஐயா அவர்களே! வணக்கம்.

நாற்பத்தொன்பதாம் ஆண்டில் நீங்கள் இங்கு வந்தபோது, கோபுர மணிக்கூட்டுக்குச் சாவி கொடுக்க ஏணியில் ஏற வேண்டும். வாடைக்காற்று என்றும் மழையென்றும் பாராமல் ஏறினீர்கள். கப்பல்கள் வந்தன, போயின. கடற்படைத் தளத்தில் கொடியே மாறியது. உங்கள் நேரம் மட்டும் பிசகவில்லை. பிசகியது ஒரேயொரு வாரம். அந்த வாரத்துக்காகவே இந்த மடல். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே சிறிது நேரம் உங்களை 'அவர்' என்றே சொல்கிறோம். யாரோ ஒருவருடைய கதையென்று எண்ணிக் கேட்டிருங்கள்.

சென்ற ஆண்டு கோபுரத்துக்கு மின்னணு மணிக்கூடு வந்தது. ஏணி போய், கம்பி வந்தது. கம்பியின் முனையில் தட்டச்சுப்பொறி போன்ற ஒரு விசைப்பலகை. அதில் நேரத்தை அடித்தால், அரை மைல் தள்ளியிருக்கும் கோபுரத்தின் முள் நகரும். மணிக்கு மணி சங்கும் தானாக ஊதும். இஞ்சினியர் அதைப் பேணாட் ஐயாவின் அறையில் பொருத்தினார். கீழே அலுவலகத்திலும் அதே கம்பியில் இன்னொன்றைப் பொருத்தினார். மேலே உள்ளதைக் கீழேயும், கீழே உள்ளதை மேலேயும் சொல்லாமல் போய்விட்டார்.

கீழே இருந்தவர் இராசமலர். திரியாயிலிருந்து வந்த புது எழுதுவினைஞர், இன்னும் நிரந்தரமாகாதவர். அவர் வானொலியின் மணியொலியைக் கேட்டு நேரத்தை அடித்தார். பேணாட் ஐயா தன் சட்டைப்பை மணிக்கூட்டைப் பார்த்து அடித்தார். இரண்டுக்கும் சில நிமிட வித்தியாசம். கீழிருந்து ஒருவர் தள்ள, மேலிருந்து ஒருவர் இழுக்க, கோபுரத்து முள் வழி தவறிய நண்டைப்போல அங்குமிங்கும் நடந்தது. காலை எட்டுக்குச் சங்கு ஊதியது. கொஞ்சம் கழித்து மறுபடியும் எட்டுக்கு ஊதியது. ஊரே தலையைச் சொறிந்தது.

மூதூருக்குப் பயணிகள் படகு விடும் லோஞ்ச் ஓட்டி ஹிஸ்புல்லா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "முதல் சங்குக்கு நான் கயிறை அவிழ்த்தா, ரெண்டாம் சங்குக்குத்தான் ஆக்கள் ஓடி வாறாங்க. நான் ஆருக்கு நிக்கிறது, ஆரை விட்டுட்டுப் போறது? உங்கட மணிக்கூட்டுக்கு என்ன, ரெண்டு பொஞ்சாதியா?"

எல்லோரும் சிரித்தோம். மேற்பார்வையாளர் அல்பிரட் ஐயா சிரிக்கவில்லை. "இராசமலர், வெள்ளிக்கிழமைக்கிடையில அந்த முள்ளு ஒழுங்கா நிக்காட்டி, உம்மை நிரந்தரமாக்கச் சொல்லி என்னால எழுத ஏலாது."

இராசமலர் தொலைபேசியில் குன்றைக் கூப்பிட்டார். "ஐயா, நான் எத்தினை தரம் அடிச்சாலும் மணிக்கூடு தன்ர பாட்டில பின்னுக்குப் போகுது. என்ர வேலை போகப்போகுது."

"அழாதயும் பிள்ளை. இஞ்சயும் அதே கரைச்சல்தான். நான் பின்னுக்கு எடுத்துவிட, அது முன்னுக்குப் பாயுது."

"எங்க இருந்து எடுத்து விடுறீங்கள்?"

"இஞ்ச மேல இருந்துதான். வேற எங்க இருந்து?"

இராசமலர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப... முன்னுக்குப் பாயிறது நான்தான், ஐயா."

பேணாட் ஐயா அப்போதே தன் கம்பியைக் கழற்றிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். முள் ஒழுங்குக்கு வந்திருக்கும், அந்த வாரத்துப் பழி மட்டும் இராசமலரின் தலையில் தங்கியிருக்கும். அவரோ உச்சி வெயிலில் குடையுமில்லாமல் குன்றிலிருந்து இறங்கி வந்து, எல்லோருக்கும் முன்னால் நின்றார்.

"பிழை பிள்ளையில இல்லை, அல்பிரட். மேல இருந்து நான்தான் குழப்பினனான்."

"என்ன அண்ணை இது? உங்கட பைலில ஒரு கறை இல்லை. ஓய்வுக்கு ஒரு வருஷம்தான் கிடக்கு. நீங்கள் சொன்னா நான் எழுத வேண்டி வரும்."

"எழுதும்."

அல்பிரட் ஐயா நெற்றியைத் தடவினார். "சரி, அப்ப உண்மையான நேரம் எது?"

பேணாட் ஐயா தன் மணிக்கூட்டை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். இராசமலரைப் பார்த்தார். சாளரத்துக்கு வெளியே கோபுரத்தைப் பார்த்தார்.

"தெரியாது" என்றார். "இனிமேல் இவ அடிக்கிறதுதான் நேரம்."

திரும்ப ஏறிப் போய்த் தன் கம்பியைத் தானே கழற்றினார்.

ஐயா! இஞ்சினியரின் பிழை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் உங்கள் பைல் வெள்ளையாகவே இருந்திருக்கும். ஏன் சொல்லவில்லை என்று அன்றும் குழம்பினோம். இன்றும் விளங்காமலே நிற்கிறோம். கேட்டால் சிரிக்கிறீர்கள். நேரம் சொல்வதே தொழிலான ஒருவர், தெரியாது என்று சொன்னபோது எங்கள் கண்ணில் இன்னும் உயர்ந்தது எப்படி என்பதும் விளங்கவில்லை. விளங்காததையெல்லாம் அன்பென்று எழுதிச் சட்டத்துக்குள் மாட்டித் தருகிறோம்.

உங்கள் துணைவியார் மாகிரட் அம்மாவுடன் நீங்கள் நெடுநாள் நோயின்றி வாழ்க! பசித்த நேரம் உண்டு, அலுத்த நேரம் உறங்கி, எந்தச் சங்குக்கும் எழும்பாமல் இனிதே வாழ்க!

திருகோணமலை, 1982
உங்கள் அன்புக்கு ஆட்பட்ட
இறங்குதுறைப் பணிமனை ஊழியர்கள்

எல்லோர் சார்பிலும் எழுந்து வாசிப்பவர்:
இராசமலர்,
நிரந்தர எழுதுவினைஞர்.